தேதி கொடுத்தும் வராத நோயாளிகள்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

"போன தடவை ஏன் வரல?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வருகிற பதில் "மறந்துட்டேன்". ஒரு சின்ன கிளினிக்கின் ரிசப்ஷனில் சில வருடங்கள் உட்கார்ந்திருந்த நானும் இந்தப் பதிலை அப்படியே நம்பினேன். அடுத்த தேதியைச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அதற்கும் அவர்கள் வராமல் போனால் "இவங்களுக்கு அக்கறையே இல்லை" என்று எரிச்சல்படுவேன். எனக்கு உறைக்க வைத்தவர் ஒரு பெரியவர். கண் பரிசோதனைக்கு மூன்று முறை தேதி வாங்கியவர், மூன்று முறையும் வரவில்லை. பிறகு இருமலுக்கு மருந்து வாங்க வந்த ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "கண்ணுல சொட்டு மருந்து விட்டா சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாத் தெரியுதுப்பா. துணைக்கு ஆள் இல்லாம எப்படி வீடு போய்ச் சேருவேன்? மகளுக்கு வாரநாள்ல லீவு கிடைக்காது." தேதி அவருக்கு நன்றாகவே நினைவிருந்திருக்கிறது. ஆனால் அதையெல்லாம் விளக்கி எங்களிடம் சலுகை கேட்பதுபோல் நிற்க அவருக்கு மனமில்லை, "மறந்துட்டேன்" என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி "எப்படி நினைவூட்டுவது" என்பதிலிருந்து தொடங்கவில்லை. தேதி கொடுத்த நிமிடத்துக்கும் அந்த நாளுக்கும் நடுவில் அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். டாக்டர், நர்ஸ், ரிசப்ஷனில் இருப்பவர்கள், சின்ன கிளினிக் நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கடைசிப் பகுதி மட்டும் நோயாளிகளுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும்.

1. முதலில் ஒழுங்காக எண்ணுங்கள்

உலகம் முழுக்க இந்தத் தொல்லை உண்டு. 105 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான ஒரு தொகுப்பு, சராசரியாக 23 சதவீத அப்பாயின்ட்மென்ட்களுக்கு ஆள் வருவதில்லை என்றது. ஆப்பிரிக்காவில் 43, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உள்ள ஓசியானியாவில் 13 சதவீதம் சொச்சம். ஆனால் இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு உங்களால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் ரிஜிஸ்டர்தான் வேண்டும்.

கடந்த மூன்று மாத ரிஜிஸ்டரை எடுத்து, வராத ஒவ்வொரு பெயருக்கும் நேராகச் சில விஷயங்களைக் குறியுங்கள்: தேதி கொடுத்த நாளுக்கும் வரவேண்டிய நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி, கிழமை, நேரம், முதல் முறையா ரிவ்யூவா, எந்த டாக்டர், இதற்கு முன் தவறவிட்டிருக்கிறாரா. இதைச் செய்யும்போதே ஒரு பகுதி கரைந்துவிடும். முன்கூட்டியே போன் செய்து வேண்டாம் என்று சொன்னவரை யாரோ "வரவில்லை" என்று எழுதியிருப்பார்கள். வந்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, பார்க்காமலே திரும்பிப் போனவரும் அதே கணக்கில் இருப்பார். வேறு மருத்துவமனையில் படுக்கையில் இருந்தவர், ஏன், இறந்தே போனவர்கூட அந்தப் பட்டியலில் இருப்பார். காத்திருந்து திரும்பிப் போனவரைத் தனியாக எழுதி வையுங்கள், ஏனென்றால் அவர் தவறவிடவில்லை, உங்களிடம்தான் ஏதோ தவறியிருக்கிறது.

அப்புறம், ஒருமுறை தவறவிட்டவரையும் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறவரையும் பிரித்துவிடுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பார்ப்பதால்தான் பல இடங்களில் எந்த மருந்தும் வேலை செய்வதில்லை. ஸ்காட்லாந்தில் ஐந்தரை லட்சம் நோயாளிகளின் மூன்று வருடப் பதிவுகளை அலசி 2017இல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு அப்பாயின்ட்மென்டைக்கூடத் தவறவிடவில்லை. இரண்டுக்கு மேல் தவறவிட்டவர்கள் 19 சதவீதம். ஒருமுறை தவறுவது எல்லோருக்கும் நடக்கும், உங்களுக்கும் எனக்கும் நடக்கும். அதற்கு ஒரு எஸ்எம்எஸ் போதும். திரும்பத் திரும்ப நடப்பதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது.

2. கேட்கும் விதத்தை மாற்றுங்கள்

"ஏன் வரவில்லை?" என்பது விசாரணை. அதற்கு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், சாக்குதான் சொல்வார்கள். அதற்குப் பதில், "அன்றைக்குக் காலையிலிருந்து என்ன நடந்துச்சும்மா, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பது முக்கியம். நாம் உடனே "பஸ் கிடைக்கலையா? மறந்துட்டீங்களா?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவோம், அவர்களும் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள்.

எல்லோர் முன்னாலும் கவுன்டரில் வைத்துக் கேட்காதீர்கள். முடிந்தால் டாக்டரும் கேட்க வேண்டாம், டாக்டரிடம் "உங்களைப் பார்க்கப் பயமா இருந்துச்சு" என்று யார் சொல்வார்கள்? நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவர், போனிலோ ஒரு ஓரமாக உட்கார வைத்தோ, பதினைந்து இருபது பேரிடம் இப்படிப் பேசினால் போதும். முதல் ஐந்து பேரிடம் எல்லாம் வேறு வேறு கதையாகத்தான் தெரியும். பத்தைத் தாண்டும்போது ஒரே மாதிரியான விஷயங்கள் திரும்ப வர ஆரம்பிக்கும்.

2004இல் அமெரிக்காவில் 34 பேரிடம் இப்படி உட்கார்ந்து பேசிய ஒரு ஆய்வு உண்டு. அவர்கள் சொன்னது மூன்று விஷயத்தில் அடங்கியது. ஒன்று, என்ன சொல்லப்போகிறார்களோ, என்ன செய்யப்போகிறார்களோ என்ற பயம். இரண்டு, கிளினிக் தங்கள் நேரத்தை மதிக்கவில்லை என்ற உணர்வு, மணிக்கணக்கில் காக்க வைப்பவர்களுக்காக நான் மட்டும் ஏன் சரியாகப் போக வேண்டும் என்கிற மாதிரி. மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது: தான் வராவிட்டால் அங்கே என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நாம் போகாவிட்டால் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், கூட்டம் குறையும், நல்லதுதானே என்று நினைத்தவர்கள்கூட இருந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. ஆனால் எப்போதும் நிரம்பி வழியும் காத்திருப்பு அறையை மட்டும் பார்த்தவர் வேறு எப்படி நினைப்பார்?

3. காரணங்களைப் பிரித்து வையுங்கள்

கேட்டதை எல்லாம் நான்கு கட்டுகளாகப் போடலாம். பிசிறில்லாமல் பிரியாது, ஒருவரிடமே இரண்டு மூன்று காரணம் இருக்கும், பரவாயில்லை.

முதல் கட்டு, தெரியாமலோ நினைவில்லாமலோ போனது. சீட்டில் எழுதியது புரியவில்லை, போன் நம்பர் மாறிவிட்டது, எஸ்எம்எஸ் மகனின் போனுக்குப் போனது, காது சரியாகக் கேட்காததால் தேதியைத் தப்பாக வாங்கிக்கொண்டது. இவை இருப்பதிலேயே சுலபமானவை.

இரண்டாவது, வர முடியாமல் போனது. தினக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் என்பது ஒரு நாள் கூலி. ஷிஃப்ட் வேலைக்காரருக்கு அடுத்த வார ஷிஃப்ட் என்னவென்றே இந்த வாரம் தெரியாது. வீட்டில் படுத்த படுக்கையாய் ஒருவர் இருந்தால் அவரை விட்டுவிட்டு வர ஆள் வேண்டும். உடம்பு ரொம்ப முடியாமல் போனதாலேயே வர முடியாதவர்களும் உண்டு, அதுவும் "வரவில்லை" என்றுதான் பதிவாகும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று, வியாதிகள் சேரச் சேரத் தேதிகளும் சேர்கின்றன என்பது. சுகர், பிரஷர், சிறுநீரகம், கண் என்று நான்கு இடத்தில் காட்டுபவருக்கு நான்கு இடத்திலும் ரிவ்யூ, நான்கு இடத்திலும் தனித்தனி ரத்தப் பரிசோதனை. வைத்தியம் பார்ப்பதே முழுநேர வேலையாகிவிட்டவர் எதையாவது ஒன்றை விடத்தான் செய்வார். அவரை ஒத்துழைக்காதவர் என்று ஃபைலில் எழுதுவது அநியாயம் என்பது என் கட்சி.

மூன்றாவது கட்டு, வர மனமில்லாமல் போனது. திரும்பத் திரும்ப வராதவர்களிடம் மனம் விட்டுப் பேசினால் இந்தக் கட்டுதான் கனமாகிக்கொண்டே போகும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இதில் சிலருக்கு உடம்பு தேறிவிட்டது, எதற்கு வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்பதோடு சரி. சிலருக்கு ரிப்போர்ட்டில் என்ன இருக்குமோ என்ற பயம், தெரியாமல் இருக்கும் வரை அது இல்லை என்று வைத்துக்கொள்ளலாமே. சிலருக்கு முன்பு எங்கோ பட்ட வலியோ, உடம்பைத் தொட்டுப் பார்த்த விதத்தில் பட்ட அவமானமோ இருக்கும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசப்படாதது வெட்கம். எடை குறைக்கச் சொன்னார்கள், ஏறியிருக்கிறது. சிகரெட்டை விடச் சொன்னார்கள், விடவில்லை. மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆகிறது, வாங்கவில்லை. போனால் திட்டுவார்கள். சரி, கொஞ்சம் சரிசெய்துகொண்டு அடுத்த மாதம் போவோம் என்று நினைக்கிறார், அடுத்த மாதமும் சரியாகவில்லை. இப்போது மாத்திரை சாப்பிடாதது ஒரு குற்றம், போன தடவை வராதது இன்னொரு குற்றம். இப்படி ஒவ்வொரு தடவையும் கடன் ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போகும், கடன்காரர் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவரைப் போல அவரும் கிளினிக் இருக்கும் பக்கமே வருவதில்லை. முதல் தடவை தவறியதற்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது தடவைக்கு, முதல் தடவை தவறியதே ஒரு காரணமாகிவிடுகிறது. முன்பு தவறவிட்டவர்தான் மறுபடியும் தவறவிட வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அலட்சியம் என்ற ஒற்றைச் சொல்லில் அதை அடைக்க முடியாது.

மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு, ஞாபகமறதி நோய் இவற்றையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு உள்ளவரால் சில நாட்கள் படுக்கையைவிட்டு எழவே முடியாது. அவர் எந்த வியாதிக்காகத் தேதி வாங்கினாரோ அந்த வியாதியே அவரை வரவிடாமல் செய்கிறது.

நான்காவது கட்டு, நீங்களே உண்டாக்கியது. ஆறு மாதம் தள்ளிக் கொடுத்த தேதி, மாற்றச் சொல்லிப் போன் செய்தால் எடுக்காத நம்பர், காரணம் சொல்லாமல் கிளினிக்கே இரண்டு முறை மாற்றிய தேதி, பத்து மணி என்று சொல்லி ஒரு மணிக்குப் பார்ப்பது. இதைப் பட்டியலில் எழுத யாருக்கும் கை வராது. எழுதுங்கள்.

4. தேதி கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்தைச் சரிசெய்யுங்கள்

செலவே இல்லாத மாற்றம் இதுதான், பலன் அதிகம். தேதியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவரையே எழுத வையுங்கள். இங்கிலாந்தில் சில சுகாதார மையங்களில் இதைச் செய்து பார்த்து 2012இல் வெளியிட்டார்கள்: நோயாளி தன் கையால் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டபோது வராதது 18 சதவீதம் குறைந்தது. வாயால் திரும்பச் சொல்ல வைத்ததில் அவ்வளவு பலன் இல்லை. அதே இடத்தில் இன்னொன்றும் செய்தார்கள். "போன மாதம் இத்தனை பேர் வரவில்லை" என்று சுவரில் ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டு, எத்தனை பேர் ஒழுங்காக வந்தார்கள் என்று ஒட்டினார்கள். இரண்டும் சேர்ந்தபோது வராதது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யோசித்தால் நியாயம்தான், நிறையப் பேர் வருவதில்லை என்று எழுதி வைத்தால் "சரி, எல்லோரும் அப்படித்தான் போலிருக்கு" என்றுதானே படிப்பவருக்குத் தோன்றும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அவரோடு வந்தவரை எழுதச் சொல்லலாம், அல்லது அவர் போனிலேயே அலாரம் வைத்துக் கொடுக்கலாம்.

அடுத்து, "வியாழக்கிழமை வர முடியுமா?" என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் கிளினிக்கில் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. "அன்னைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க? யார் கூட வருவாங்க? குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்று கேளுங்கள். எப்போது, எப்படிப் போகப்போகிறேன் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்தவர் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் கடிதம் அனுப்பிய ஆய்வில் (2011), எந்தத் தேதி, எத்தனை மணி என்று தானே எழுதிக்கொள்ள இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்ததற்கே ஊசி போட்டுக்கொண்டவர்கள் 4 சதவீதப் புள்ளி கூடினார்கள். நம் பெரியவரிடம் "யார் கூட வருவாங்க?" என்று நான் முதல் தடவையே கேட்டிருந்தால் கதை அப்போதே வெளியே வந்திருக்கும்.

எதற்காக வரவேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். "ரிவ்யூவுக்கு வாங்க" என்பதில் ஒன்றும் இல்லை. "இந்த மாத்திரை உங்க சிறுநீரகத்துக்கு ஒத்துக்குதான்னு பார்க்கணும், அது வெளியே தெரியாது, ரத்தத்துலதான் தெரியும்" என்றால் அதில் ஒரு காரணம் இருக்கிறது.

கடைசியாக, இடைவெளி. தேதி தள்ளிப்போகப்போக வராதவர்கள் கூடுவார்கள். இதில் ஆராய்ச்சிகளுக்குள் பெரிய சண்டை இல்லை. 1990களில் அமெரிக்காவில் மார்க் முர்ரேயும் கேத்தரின் டான்டாவும் இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார்கள்: நாளின் பெரும்பகுதியைக் காலியாக வைத்துக்கொண்டு, கூப்பிட்டவர்களை அன்றே பார்ப்பது. எல்லா இடத்துக்கும் அது ஒத்துவராது, நாள்பட்ட வியாதிக்காரருக்கு அடுத்த தேதி என்று ஒன்று வேண்டும்தான். ஆனால் தினமும் சில இடங்களைக் காலியாக வைப்பது, நான்கு மாதம் தள்ளியுள்ள தேதியை இப்போதே கொடுக்காமல் "மூன்றாவது மாதம் நாங்களே கூப்பிட்டுத் தேதி பேசுகிறோம்" என்று சொல்லி அப்படியே கூப்பிடுவது, இவ்வளவை எந்தச் சின்ன கிளினிக்கும் செய்யலாம்.

5. நினைவூட்டல்

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், செய்யவும் வேண்டும். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் வருடத் தொகுப்பாய்வில் நினைவூட்டல் இல்லாதபோது வந்தவர்கள் 67.8 சதவீதம், எஸ்எம்எஸ் அனுப்பியபோது 78.6, போன் செய்தபோது 80.3. போனுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள், ஆகவே எல்லோருக்கும் எஸ்எம்எஸ், தனிக்கவனம் தேவைப்படுபவருக்குப் போன். அதே கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். எஸ்எம்எஸ் அனுப்பியும் ஐந்தில் ஒருவர் வரவில்லை. மறதிக்கு மருந்து கொடுத்த பிறகும் மிச்சம் இருப்பவர்கள் அவர்கள்.

செய்தி எப்படி இருக்க வேண்டும்? அவருக்குப் புரியும் மொழியில், சுருக்கமாக, பதில் அனுப்பும் வசதியோடு. இந்த மாதிரி: "வணக்கம். உங்கள் அப்பாயின்ட்மென்ட் வியாழக்கிழமை, 14ஆம் தேதி, காலை 8 மணி. முதலில் ரத்தம் எடுப்போம், வெறும் வயிற்றில் வரவும். வருவதாக இருந்தால் 1, வேறு தேதி வேண்டுமென்றால் 2 என்று பதில் அனுப்பவும்." கிழமையை விடாதீர்கள், நிறையப் பேர் தேதியை வைத்து நாளை நினைப்பதில்லை, கிழமையை வைத்துத்தான் நினைக்கிறார்கள். மூன்று நான்கு நாளுக்கு முன் ஒன்று, முந்தைய நாள் ஒன்று அனுப்புங்கள். முதலாவது, லீவு சொல்லவும் துணைக்கு ஆள் பிடிக்கவும் நேரம் கொடுக்கும். முந்தைய நாள் மட்டும் அனுப்பினால் மறந்தவருக்கு நினைவு வரும், ஆனால் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த வியாதி, எந்தப் பிரிவு என்பதைச் செய்தியில் எழுதவே எழுதாதீர்கள். போன் வீட்டில் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மனநலப் பிரிவு, எச்ஐவி, கருத்தடை, கருக்கலைப்பு போன்றவற்றில் இப்படி ஒரு எஸ்எம்எஸ் ஒருவரின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டுவிடும். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அவர் அடுத்து வரவே மாட்டார். பதிவு செய்யும்போதே "இந்த நம்பருக்குச் செய்தி அனுப்பலாமா, வேற யாராவது பார்ப்பாங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

வாசகத்தை மாற்றினாலும் பலன் உண்டு. லண்டன் மருத்துவமனைகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒருவர் வராவிட்டால் அரசு சுகாதாரத் துறைக்கு எவ்வளவு நட்டம் என்ற தொகையைச் செய்தியில் சேர்த்தபோது வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 ஆகக் குறைந்தார்கள். தான் வராவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்கு இது சரியான மருந்து. ஆனால் ஏற்கெனவே வெட்கத்தில் கூனிப்போய் இருப்பவருக்கு இதே செய்தி இன்னும் ஒரு குட்டு, அவர்களுக்கு இதை அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

6. வரமாட்டேன் என்று சொல்வதைச் சுலபமாக்குங்கள்

கிளினிக் நம்பருக்கு நீங்களே வெளியிலிருந்து போன் செய்து பாருங்கள். எத்தனை தடவை அடித்தால் எடுக்கிறார்கள்? எடுத்தவர் எந்தக் குரலில் பேசுகிறார்? வேறு சோதனையே வேண்டாம். தேதியை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேட்காதீர்கள், நன்றி சொல்லுங்கள், அந்த இடத்தைக் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள்.

7. போக்குவரத்து, லீவு, துணை

இங்கே ஒரு எச்சரிக்கை. நாமாக ஒரு காரணத்தை முடிவு செய்துகொண்டு அதற்குத் தீர்வு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வு நல்ல பாடம். ஏழை நோயாளிகள் வண்டி இல்லாமல்தான் வரவில்லை என்று நினைத்து, இலவசமாகக் கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். கார் தருவதாகச் சொல்லப்பட்டவர்களில் வராதவர்கள் 36.5 சதவீதம், சொல்லப்படாதவர்களில் 36.7 சதவீதம். அதாவது ஒரு வித்தியாசமும் இல்லை. கார் வேண்டிய ஆளுக்குக் கார் உதவும், மற்றவர்களுக்கு வாசலில் கார் நின்றாலும் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாதபடி வேறு ஏதோ இருக்கிறது. அதனால்தான் இரண்டாவது படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள் என்கிறேன்.

கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு செய்யக்கூடியவை நிறைய. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள், டாக்டருக்கு ஒரு நாள் என்று மூன்று முறை வரவழைப்பதை ஒரே நாளாகச் சுருக்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வேலை நேரத்துக்கு முன்போ பின்போ பாருங்கள். ரிப்போர்ட் நார்மல் என்று சொல்வதற்கு நேரில் வரவழைக்க வேண்டியதில்லை, போனில் சொல்லலாம், ஆனால் கெட்ட செய்தியை மட்டும் போனில் முடித்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் வரவேண்டிய சுகர் நோயாளிக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு நேரம் கொடுப்பது போன்ற அபத்தங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கின்றன, ஒருமுறை உங்கள் லிஸ்டில் தேடிப் பாருங்கள். சொட்டு மருந்து, எண்டோஸ்கோபி, மயக்க ஊசி என்று துணை இல்லாமல் திரும்ப முடியாத எதுவாக இருந்தாலும் துணைக்கு வருபவரின் லீவைக் கேட்டுவிட்டே தேதி போடுங்கள். எங்கள் பெரியவருக்குச் செய்ததும் இதுதான்: சனிக்கிழமை தேதி கொடுத்தோம், மகளோடு வந்தார்.

8. திரும்பத் திரும்ப வராதவர்களுக்குத் தனிப் பட்டியல்

இரண்டு மூன்று முறை வராதவரின் ஃபைலை மூடிவிடுவது, "இனி தேதி கிடையாது" என்று கடிதம் அனுப்புவது பல இடங்களில் நடைமுறை. அதற்கு முன் இதைக் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் அதே ஆராய்ச்சிக் குழு 2019இல் வெளியிட்டதில், நாள்பட்ட மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் வருடத்துக்கு இரண்டுக்கு மேல் தவறவிட்டவர்கள் இறக்கும் ஆபத்து, ஒன்றையும் தவறவிடாதவர்களைவிட எட்டு மடங்குக்கு மேல் இருந்தது. வராததாலேயே இறந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. வராமல் இருப்பதே ஒரு அபாய அறிகுறி. நெஞ்சுவலி என்று சொன்னால் எப்படி நிமிர்ந்து உட்காருகிறோமோ அதுபோல, மூன்றாவது முறையும் வரவில்லை என்றால் நிமிர்ந்து உட்கார வேண்டும். நாம் செய்வதோ பெயரை அடிப்பது.

பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஆள் பொறுப்பு. ஒரே குரல் கூப்பிட வேண்டும், இன்று ஒருவர் நாளை ஒருவர் என்றால் அவர் முதலிலிருந்து கதை சொல்லிச் சலித்துப்போவார். கூப்பிடும்போது முதல் வாக்கியத்தில் பழைய தேதியை இழுக்காதீர்கள். "நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்கத்தான் கூப்பிட்டேன், டாக்டரும் விசாரிச்சார்" என்பது போதும். மாத்திரை சாப்பிடாவிட்டாலும் வரலாம், எடை ஏறியிருந்தாலும் வரலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்களாக அதை ஊகிக்க மாட்டார்கள். வந்த அன்று, கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் "ஓ, வந்துட்டீங்களா ஒருவழியா" என்று ஒரு நக்கல் அடித்தால் நீங்கள் செய்த அத்தனையும் பாழ். டாக்டருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஞாபகமறதி உள்ளவருக்கு எத்தனை எஸ்எம்எஸ் அனுப்பினாலும் பயனில்லை, பார்த்துக்கொள்பவரின் நம்பர் வேண்டும். குழந்தைகள் விஷயம் வேறு. குழந்தை தானாக வராமல் இருப்பதில்லை, கூட்டி வரப்படவில்லை. இங்கிலாந்தில் பல இடங்களில் குழந்தைகளுக்கு "வரவில்லை" என்று எழுதுவதை நிறுத்திவிட்டு "அழைத்து வரப்படவில்லை" என்றே பதிகிறார்கள். வார்த்தை மாறியதும் அடுத்த கேள்வி தானாக வருகிறது: ஏன் அழைத்து வரவில்லை, அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

9. அபராதமும் ஓவர்புக்கிங்கும்

அபராதம் போட்டால் காசு இருப்பவர் கட்டிவிட்டுப் போவார். இல்லாதவர் கட்ட முடியாமல் வராமலே இருந்துவிடுவார், ஏற்கெனவே ஏறியிருக்கும் வெட்கம் என்ற கடனில் இப்போது நிஜக் கடனும் சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

எப்படியும் சிலர் வரமாட்டார்கள் என்று ஒரே நேரத்துக்கு இரண்டு பேரைப் போடுவது இன்னொரு வழி. வந்தவர்கள் எல்லோரும் காத்திருக்கப் போகிறார்கள், காத்திருந்தவர் அடுத்த தடவை வர யோசிப்பார். யார் வரமாட்டார்கள் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கணித்து, அவர்கள் நேரத்தில் மட்டும் இன்னொருவரைத் திணித்தால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் கஷ்டப்பட்டு வந்து சேரும் ஏழைகள்தான் நெரிசலில் அதிக நேரம் நிற்பார்கள். அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு இதுதான் நேர்ந்தது என்று காட்டிய ஆய்வும் உண்டு. சொல்லப்போனால் டாக்டரின் நேரம் வீணாகக்கூடாது என்று நோயாளியைக் காக்க வைக்கும் பழக்கத்தை 1952லேயே நார்மன் பெய்லி என்ற புள்ளியியல் அறிஞர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆரம்பத்தில் இரண்டு பேரை வரச்சொல்லிவிட்டு, மற்றவர்களை ஒரு ஆளைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேர இடைவெளியில் ஒவ்வொருவராக வரச்சொன்னால் போதும் என்றார். இன்னமும் காலை எட்டு மணிக்கே எல்லோரையும் வரச்சொல்லி டோக்கன் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன.

10. நோயாளிக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும்

தேதி வாங்கும்போதே முடியாத நாளைச் சொல்லிவிடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. "இதை ஒரு மாசம் தள்ளிப்போட்டா என்ன ஆகும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலதற்கு ஒன்றும் ஆகாது, சிலதற்கு ஆகும், எது எது என்று தெரிந்திருந்தால் நெருக்கடியில் எதை விடலாம் என்று முடிவெடுக்கலாம். பல இடங்களில் காட்டுபவராக இருந்தால் எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி எல்லா டாக்டரிடமும் காட்டுங்கள், ஒருவர் எடுத்த ரத்தப் பரிசோதனையே இன்னொருவருக்கும் போதுமானதாக இருக்கும். வீட்டில் பெரியவர் வர மறுத்தால் பிடிவாதம் என்று முடிவுகட்டுமுன், அந்த நாளில் அவருக்கு எந்தக் கட்டம் சங்கடமாக இருக்கிறது என்று கேளுங்கள்: படியேறுவதா, காத்திருக்கும்போது அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டியிருப்பதா, டாக்டர் பேசுவது காதில் விழாததா.

ஏற்கெனவே இரண்டு மூன்று தவறவிட்டு, போகக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிறீர்களா? விளக்கமெல்லாம் தயார் செய்ய வேண்டாம். போன் செய்து, "முன்னாடி சில தேதிக்கு வர முடியலை, இப்ப வர நினைக்கிறேன், எப்போ வரலாம்?" என்று கேளுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி, உள்ளே போனதும் டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள், வாயால் சொல்ல வேண்டியிருக்காது.